காலி என்று நான் எழுதிய வியாழக்கிழமை

1. பத்து மணி

"இன்னாக்கா, சத்தமே காணோம்? மிஷின் தூங்குதா?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு தேசம்மா இப்படிக் கேட்டுக்கொண்டேதான் எங்கள் ஐஸ் பிளான்ட்டுக்குள் நுழைந்தாள். கம்ப்ரஸர் நின்று மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நான் ஸ்பேனரோடு டாங்க் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மெயின்டனன்ஸ் தேசம்மா. இன்னிக்கு உங்க ஊர்ல யாருக்கும் பாடு இல்லையே."

"யார் சொன்னா? இன்னிக்கு எங்க பாடு. நாலு மணிக்குப் பன்னண்டு கட்டி வோணும்."

வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்காக ஒரு விளக்கம். பழவேற்காடு ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் நினைத்தவர்கள் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணம் ஆன பிறகுதான் ஓர் ஆணின் பெயர் வரிசையில் சேரும். தேசம்மாவுக்கும் முரளிக்கும் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. இது முரளியின் முதல் பாடு. விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது வரிசையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அவர்கள் ஊரில் நிறையப் பேர்.

2. என் சார்ட்

நான் ஐ.டி.ஐ.யில் ரெஃப்ரிஜரேஷன் முடித்தவள். ஏழு வருடமாக ஆபரேட்டர். எதையும் எழுதி வைத்துத்தான் செய்வேன். எந்த ஊருக்கு எந்த நாளில் எத்தனை கட்டி ஐஸ் வேண்டும் என்று சுவரில் சார்ட் ஒட்டியிருந்தேன். அதில் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் முரளியின் பெயர் இருந்தது.

அந்தச் செவ்வாய் அன்று அவர்கள் ஊரில் ஒரு சாவு. எடுக்கும்வரை யாரும் ஏரியில் வலை இறக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தவறிய முறை தவறியதுதான் என்று நினைத்து, கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டேன். வியாழனுக்கு எதிரே 'காலி' என்று எழுதினேன்.

ஊரின் வழக்கம் வேறு. சோம்பலாலோ குடியாலோ போகாதவனின் பாடு போய்விடும். சாவுக்காக நின்றவனின் பாடு போகாது, அடுத்த காலி நாளுக்கு நகரும். இதை யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்ததை யார் வந்து சொல்வார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு வருடமாக நான் வயலின் கற்றுவருகிறேன். தபால் ஆபீஸில் வேலை செய்யும் ஹெலன் சனிக்கிழமைகளில் சர்ச் ஹாலில் சொல்லித்தருகிறாள். பிராக்டிஸ் செய்யத்தான் இடம் இல்லை. வீட்டில் வில்லை இழுத்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடும். பிளான்ட்டில் கம்ப்ரஸர் சத்தத்தில் ஸ்வரம் சரியாக விழுகிறதா என்று என் காதுக்கே தெரியாது. மிஷின் நிற்கும் நாள் மட்டும்தான் எனக்கு அமைதியான நாள்.

அந்த வியாழனன்று செய்ய வேண்டியது அஜிடேட்டர் கிளாண்ட் பேக்கிங் மாற்றுவது. அஜிடேட்டர் என்பது டாங்கில் ஐஸ் கேன்களைச் சுற்றியுள்ள உப்புத் தண்ணீரைச் சுழற்றும் விசிறி; கிளாண்ட் பேக்கிங் என்பது அதன் ஷாஃப்ட் வழியே தண்ணீர் ஒழுகாமல் அடைக்கும் கயிறு. விசிறி நின்றால் கம்ப்ரஸரையும் நிறுத்தியாக வேண்டும். ஜாப் ஷீட்டில் 'ஸ்டாப் 9 மணி' என்று நானே எழுதியிருந்தேன். ஏழு மணிக்கே நிறுத்தினேன். கேன் தூக்கும் கன்னியப்பன் அண்ணனைப் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். ஏழிலிருந்து ஒன்பது வரை வயலின் வாசித்தேன். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன்.

3. கேனுக்குள் கம்பி

தேசம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கேனில் கம்பியை விட்டேன். மேலே மெல்லிய ஆடை உடைந்தது. ஓரத்தில் மூன்று விரல் கனத்துக்கு ஐஸ். நடுவே தண்ணீர்.

"இது கட்டியா? கூடு" என்றாள்.

"ஆமா. என் தப்பு. இன்னிக்குக் காலின்னு நெனச்சு நிறுத்திட்டேன்."

"நீ நெனச்சுக்குவியா? எங்க பாட்டை நீ நெனச்சுக்குவியா? படிச்ச பொண்ணு, வாய் இருக்குதில்ல, கேக்க மாட்ட?"

அப்போது சைக்கிளை நிறுத்திவிட்டுக் கன்னியப்பன் அண்ணன் உள்ளே வந்தார். அவரும் பழவேற்காட்டுக்காரர்தான். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்தார். "சாவு வுழுந்த பாடு தள்ளிப் போவும்னு தெரியாதாம்மா? என்னைக் காலையில வரச்சொல்லியிருந்தா சொல்லியிருப்பனே."

நான் கேனிலிருந்து கம்பியை உருவினேன்.

ஐஸ் இல்லாமல் வலை கட்டினால் விடியற்காலை பிடித்த இறால், வண்டி வருவதற்குள் தலை கருத்துவிடும். தலை கருத்த இறாலை வியாபாரி தொடமாட்டார். பொன்னேரி பக்கத்து பிளான்ட்டுக்குப் போன் செய்தேன். கடல் படகுகளுக்கே போதவில்லை என்றார்கள்.

ஓனருக்குப் போனில் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "வெளிய பாத்தா முழுக்கட்டி மாதிரி இருக்குதா?"

"மேல கொஞ்ச நேரத்துல மூடிக்கும் சார்."

"அப்போ கம்முனு ஏத்தி வுடு. உடைக்கறப்பதான தெரியும். அப்போ ஏரி நடுவுல இருப்பாங்க."

"இது அவங்க முதல் பாடு சார்."

"உன் தப்புக்கு என் பிளான்ட் பேரு கெடணுமா?"

"என் தப்புதான்னு அவங்ககிட்ட சொல்லிட்டேன் சார். கூட்டைக் கட்டின்னு சொல்லி ஏத்த மாட்டேன்."

"இன்னாவோ பண்ணு. நாளைக்கு வந்து பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டார். வேலை இருக்குமா என்பது அந்த 'பேசிக்கறேன்' என்ற சொல்லில் தெரியவில்லை. அதைப் பற்றி யோசிக்க நேரமும் இல்லை.

4. நான்கு மணிவரை

ஜாப் ஷீட்டின் பின்பக்கம் எழுதினேன்:

கிளாண்ட் – 11 மணிக்குள்.
கம்ப்ரஸர் – உடனே.
3 மணி – எல்லாக் கேனும் வெளியே. நடுத் தண்ணீரைக் கொட்டு.
கூட்டை இங்கேயே கிரஷரில் போடு. பெட்டியில் நிரப்பிக் கொடு.

கூடாக இருந்தாலும் அதுவும் ஐஸ்தான். தண்ணீரோடு போனால்தான் சீக்கிரம் கரைந்துவிடும். டாங்கில் இருந்த இருபது கேனையும் எடுத்தால் பன்னிரண்டு கட்டிக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறும். தேசம்மாவிடம் சொன்னேன். "குறையுதுன்னா எவ்ளோ குறையும்?" என்றாள். சொன்னேன். அவள் முரளிக்குப் போன் செய்தாள். "பெட்டி எல்லாத்தையும் இங்க எடுத்துனு வா. இன்னாத்துக்குன்னு கேக்காத, வா."

பேக்கிங் கயிற்றில் ஐந்து வளையம் வெட்டினேன். வெட்டு வாய்கள் ஒன்றுக்கு நேர் ஒன்று வராமல் மாற்றி மாற்றி வைத்தேன். அவசரத்தில் நட்டை இறுக்கிவிட்டேன். ஓடவிட்டதும் ஷாஃப்ட் சுட ஆரம்பித்தது.

"ஒழுகல, சோக்கா இருக்குது. வுடும்மா" என்றார் அண்ணன்.

"ஒழுகணும்ணா. சொட்டாம இருந்தா பேக்கிங் எரிஞ்சுடும்."

நிறுத்தினேன், தளர்த்தினேன், மறுபடி ஓடவிட்டேன். சொட்டு சொட்டாக வடிந்தது. பதினொன்று பத்து.

மூன்று மணிக்கு ஐஸ் நான்கு விரல் கனம் இருந்தது. அண்ணன் ஹாய்ஸ்ட்டில் தூக்கினார், நான் கம்பியால் குத்தித் தண்ணீரைச் சாய்த்தேன். கையுறை போட்டால் கூடு வழுக்கியது. கழற்றிவிட்டேன். உப்புத் தண்ணீரில் இடது கை விரல் நுனிகள் நான்கும் வெடித்தன. வயலின் கம்பியை அழுத்துகிற விரல்கள் அவை. தேசம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிரஷர் வாயில் நின்றாள். முரளி பெட்டிகளைப் பிடித்தான்.

நான்கு இருபதுக்குப் படகு கிளம்பியது.

5. ஏழு பெட்டி

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் ஏலம் போடும் இடத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை.

நல்ல இறால். ஏழு பெட்டி. வியாபாரி ஒவ்வொன்றிலும் கையை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஐந்தை வண்டியில் ஏற்றச் சொன்னார். இரண்டைக் காலால் ஒதுக்கினார். அந்த இரண்டில் ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. இறால் தலையெல்லாம் கருத்துக் கிடந்தது.

முரளி, ஒதுக்கப்பட்ட பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். தேசம்மா என்னிடம் வந்தாள்.

"முழுக்கட்டியா இருந்தா ஏழும் தப்பிச்சிருக்கும். இல்ல?"

"ரெண்டு மணி நேரம் முன்னாடியே நிறுத்தாம இருந்திருந்தா தப்பிச்சிருக்கும்."

"அந்த ரெண்டு மணி நேரம் இன்னா பண்ணிகினு இருந்த?"

பொய் சொல்ல வசதியான கேள்வி. மிஷின் வேலை என்றால் நம்பியிருப்பாள்.

"வயலின் வாசிச்சுட்டு இருந்தேன்."

அவள் என்னையே பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன்.

"நல்லாவாவது வந்துச்சா?"

"இல்ல."

"அப்போ ரெண்டு பெட்டியும் வீண்" என்று சொல்லிவிட்டு, கருத்த இறாலைப் பொறுக்கிக் காய வைக்கக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஓனர் வந்து பேசினார். நிறையப் பேசினார். வேலை இருந்தது.

விரல் ஆறியதும் வயலினைத் திரும்ப எடுத்தேன். நெருக்கடியான வேலையில் இருக்கிறவர்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதற்கான நேரத்தை என் நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் எடுத்தது முரளியின் நேரம். இப்போது ஷிஃப்ட் ஒப்படைத்த பிறகு சர்ச் ஹாலில் அரை மணி நேரம் வாசிக்கிறேன். பிளான்ட் சுவரிலுள்ள சார்ட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது: 'யாரிடம் கேட்டேன்?' அந்தக் கட்டத்தில் ஒரு பெயர் விழும்வரை நான் மிஷினை நிறுத்துவதில்லை.