நூற்று முப்பத்தெட்டும் ஒரு கோணல் கோடும்

மகள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டே கைபேசியில் ஏதோ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். இருபது கேள்வி, பத்து நிமிடம், முடிவில் உங்கள் ஐ.கியூ. இவ்வளவு என்று சொல்லிவிடுமாம். "அப்பா, நீங்களும் ஒருக்காச் செய்து பாருங்களன்" என்று நீட்டினாள். செய்தேன். தொண்ணூற்றொன்று. அவள் கைபேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும் கடிதத்தைப் பார்த்தாள். அதில் எனக்கு நூற்று முப்பத்தெட்டு. "வயசு போனாக் குறையுமாக்கும்" என்றாள். நல்ல பிள்ளை, தாயைப் போல.

தொண்ணூற்றொன்று எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. உறைத்தது அந்த நகச்சாயத்தின் மணம். ஸ்டென்சில் தாளில் பிழை விட்டால் மேலே பூசுகிற சிவப்புத் திரவத்துக்கும் அச்சு அசல் இதே மணம்தான். உங்களில் எத்தனை பேர் ஸ்டென்சில் தாளைக் கண்டிருப்பீர்கள் என்று தெரியாது. மெழுகு பூசிய மெல்லிய தாள். தட்டச்சில் ஓங்கி அடித்தால் எழுத்து துளையாக விழும். அதை ரோனியோ இயந்திரத்தில் சுற்றிவிட்டால் நூறு பிரதி வரும். பிழை அடித்தால் நூறு பிரதியிலும் அந்தப் பிழை வரும்.

வந்தாறுமூலைப் பக்கம், நாங்கள் கந்தோர் என்று சொல்லும் ஓர் அலுவலகத்தில் நான் அப்போது தற்காலிகத் தட்டச்சாளன். என் ஊரான பழுகாமத்திலிருந்து வந்து செங்கலடியில் உறவுக்காரர் வீடொன்றில் தங்கியிருந்தேன். பக்கத்து மேசையில் றகீம், ஓட்டமாவடிக்காரன், தினமும் பஸ்ஸில் வந்து போவான். அவனுடைய சோற்றுப் பார்சலில் பாதி என்னுடையது. அப்படியொரு சிநேகிதம்.

ஒருநாள் கந்தோருக்கு ஓர் அறிவித்தல் வந்தது. கொழும்பில் கம்ப்யூட்டர் பயிற்சி, ஓர் ஆளுக்கு மட்டும் இடம், வந்தால் வேலை நிரந்தரம். ஆளைத் தெரிவுசெய்வது நுண்ணறிவுப் பரீட்சையால். வினாத்தாளை அடிக்கச் சொல்லி எங்கள் பெரியவர் என்னிடம் தந்தார். அதே பரீட்சைக்கு நானும் விண்ணப்பித்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தட்டச்சு அடிக்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான், பொருளைப் பார்க்கமாட்டான் என்பது எங்கள் கந்தோரின் அசைக்கமுடியாத நம்பிக்கை. மூலப் பிரதியில் விடைகளுக்குப் பென்சிலால் சரி போட்டிருந்தது. அதையும் யாரும் அழிக்கவில்லை.

பிழை விட்டு விட்டு மூன்று தரம் அடித்தேன். மூன்றாம் தரம் முடிய வினாத்தாள் எனக்குத் தேவாரம் போல மனப்பாடம். பதினேழாம் கேள்வி படம். ஐந்து பெட்டிக்குள் கோடுகள், ஆறாவது பெட்டி எது என்று கேள்வி, கீழே நான்கு விடை. இரும்பு முனைப் பேனையால் ஸ்டென்சிலில் கீறும்போது கை வழுக்கி, சரியான விடையில் ஒரு கோடு கூடிப்போயிற்று. பூசி மறைக்கலாம் என்றால் சிவப்புத் திரவம் முடிந்துவிட்டது. ஒரு கோடுதானே, ஆர் கவனிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

றகீம் கவனித்தான். பரீட்சையில் எல்லோரும் ஏதோ ஒன்றுக்குச் சரி போட, அவன் மட்டும் பதினேழாம் கேள்விக்குப் பக்கத்தில் "இதில் சரியான விடை இல்லை" என்று எழுதினான். திருத்தியவர் கையிலிருந்த விடைப் பட்டியலைப் பார்த்து அதற்குப் பூச்சியம் போட்டார். நான் பட்டியலில் இருந்ததற்கே சரி போட்டிருந்தேன். அந்த ஒரு கேள்வியால் நான் முதலாவது, அவன் இரண்டாவது. எனக்கு நூற்று முப்பத்தெட்டு, அவனுக்கு நூற்று முப்பத்தாறு. விடையெல்லாம் தெரிந்துகொண்டு எழுதியும் நான் ஐந்து பிழை விட்டிருந்தேன் என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

தெரிவானவனுக்கு மட்டும்தான் புள்ளியைச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு 'தாங்கள் தெரிவுசெய்யப்படவில்லை' என்று இரண்டு வரிக் கடிதம். விடைத்தாள்களையும் புள்ளிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதையும் நான்தான் அடித்தேன். றகீமின் கடிதத்தில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

ஊரில் அப்பாவைப் பிடிக்க முடியவில்லை. வயல் வட்டைக்குள் இறங்கினால் வரம்புக்கு வரம்பு நின்று சொன்னார். "என்ட மகனுக்கு மூளை நூத்தி முப்பத்தெட்டாம்." பக்கத்து வயல்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாராம், "நூறுக்கு மேல எப்பிடிப் புள்ளி போடுற?" அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும்தான். கொழும்பில் முதல்நாள் கம்ப்யூட்டரை எந்தப் பொத்தானில் போடுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் அதற்கு முன்னால் பக்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

றகீம் கந்தோரை விட்டுவிட்டு ஓட்டமாவடியில் உரக்கடை போட்டான். நான் போகும்போதெல்லாம் யூரியா மூட்டையைத் தட்டி, "இரி மச்சான்" என்பான். கடைக்கு வருகிறவர்களிடம், "இவர் ஆர் தெரியுமா? நூத்தி முப்பத்தெட்டு. ரெண்டு பேரும் ஒண்டாத்தான் எழுதின. என்ட மண்டைக்குள்ள களிமண்" என்று சிரிப்பான். தேத்தண்ணி கொண்டுவரும் மூத்த மகளிடம், "மாமாவப் பாத்துப் படி" என்பான். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வருவேன். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் குடித்தேன். வெட்கமாக இருக்கிறது.

நகச்சாயம் மணத்த அந்தக் கிழமையே ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினேன். "றகீம், அந்தப் பதினேழாம் கேள்வி" என்று தொடங்கினேன். படத்தைக் கீறிக் காட்ட நினைத்தால் எனக்கு ஒரு கோடும் ஞாபகம் வரவில்லை. அவன் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஐந்து பெட்டியையும் நான்கு விடையையும் மளமளவென்று கீறினான். என் கை வழுக்கிய அந்தக் கோடும் அதே கோணலோடு இருந்தது.

"இந்தக் கோடு மட்டும் எனக்கு விளங்கல்ல மச்சான். எத்தினயோ நாள் யோசிச்சிரிக்கன்."

"அது நான் பிழையாக் கீறினது" என்றேன். பென்சில் சரி, மூன்று தரம் அடித்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப விடை இல்லத்தானே?"

"இல்ல. நீ எழுதினதுதான் சரி. அதுக்குப் பூச்சியம் போட்டும் உனக்கு நூத்தி முப்பத்தாறு."

அவன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "மூத்தவள் கணிதம் படிக்கப் போறன் எண்டு நிண்டாள்" என்றான். "என்ட மண்டைதானே அவளுக்கும், ஏலாது எண்டு நான்தான் மறிச்ச."

புத்தகத்திலிருந்து அந்தத் தாளைக் கிழித்தெடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

ரோனியோ இயந்திரம் போய்விட்டது. அந்தக் கந்தோர் இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். சிவப்புத் திரவத்தை எந்தக் கடையிலும் கேட்க முடியாது. சட்டத்துக்குள் இருந்த கடிதத்தையும் கழற்றிவிட்டேன், சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. அதற்குப் பிறகும் இரண்டு தரம் றகீமின் கடைக்குப் போனேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளேயிருந்து பிளாஸ்டிக் கதிரையை எடுத்து, துணியால் துடைத்து, "இரிங்க" என்றான்.