கொட்டேஷனில் ஒரு ‘வாரேனுங்க’

பெரியநாயக்கன்பாளையத்தில் தறி உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. ஆபீசில் மூன்று பேர் இருந்தோம். கடிதம், கொட்டேஷன், ஆர்டர் பட்டியல் எல்லாம் எங்கள் கைவேலை. பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டபோது முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“அம்மணி, எந்த சாஃப்ட்வேர் நமக்கு ஆகும்னு நீங்களே பாத்துச் சொல்லிப்போடுங்க.”

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றில் பழைய கொட்டேஷனைத் திறந்தால் கட்டங்கள் கலைந்துபோயின. அடுத்ததில் கட்டம் சரி, ஆனால் யார் திருத்தியது கடைசிப் பிரதி என்று தினமும் சண்டை. மூன்றாவது இணையத்தில் ஓடுவது. ஒரே கடிதத்தை மூன்று பேரும் ஒரே நேரத்தில் திறக்கலாம்; யார் எங்கே தட்டுகிறார் என்று ஆளுக்கொரு நிறத்தில் கோடு துடிக்கும்.

“எங்கிருந்து வேணும்னாலும் வேலை செய்யலாமுங்க” என்று அதையே சிபாரிசு செய்தேன். என் வாயை என்ன சொல்ல!

ஆறே மாதம். டெஸ்பாட்ச் பார்த்தவர் வீட்டிலிருந்தே செய்கிறேன் என்றார். பதினெட்டு வருஷம் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள், ஆனைமலைக்கு மகள் வீட்டோடு போய்விட்டாள். வேலையை விடவில்லை, சாஃப்ட்வேர்தான் இருக்கிறதே! அவள் நாற்காலியில் இப்போது பழைய கேட்லாக் கட்டுகள். கோபம் கோபமாக வரும். யார் மேல் காட்ட? தேர்ந்தெடுத்த மகராசி நான்தானே.

வீட்டிலும் நான் ஒருத்திதான். அதனால் கடிதத்தில் அவளுடைய பச்சைக் கோடு தெரிந்தாலே எனக்கு ஆள் வந்த மாதிரி. முன்பெல்லாம் சாயங்காலம் பையை எடுத்ததும் “வாரேனுங்க” என்பேன், அவள் “சரி, வாங்க” என்பாள். கிளம்பும்போது ‘போறேன்’ என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. அந்தப் பழக்கத்தில், திறந்திருக்கும் கடிதத்தின் அடியில் தினமும் ‘வாரேனுங்க’ என்று தட்டிவிட்டுக் கிளம்புவேன். பச்சைக் கோடு வந்து அதை அழித்துவிட்டுப் போகும். பதில் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டாள். கடிதம் சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா.

ஒரு நாள் அவள் லீவு. அன்று நான் தட்டியது ஒரு கொட்டேஷனின் அடியில்; அழிக்க ஆளில்லை. மறுநாள் காலையில் நானும் பார்க்காமல் அந்தக் கொட்டேஷனை அனுப்பிவிட்டேன்.

அதற்கடுத்த நாள் சோமனூரிலிருந்து போன். அங்கே தறி ஓட்டும் ஒரு அம்மா, பல வருஷ வாடிக்கை. குரலில் மட்டும்தான் பழக்கம்.

“ஏனுங்க அம்மணி, கடுதாசில வாரேனுங்கன்னு எழுதியிருந்தீங்களே. நேத்துப் பூராவும் பாத்துட்டு இருந்தேனுங்க. பலகாரங்கூடச் செஞ்சுபோட்டேன். ஏன் வர்லீங்க?”

தப்பாக வந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஒரு நாள் முழுக்க என்னை ஒருத்தர் எதிர்பார்த்திருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்குத் தோதுப்படுமுங்களா?” என்றேன்.