எண்ணெய்த் தாமஸ்

ராயபுரத்து மண்டிக்காரர்கள் என் அக்கா புருஷனை ‘எண்ணெய்த் தாமஸ்’ என்பார்கள். கேலிப் பெயர்தான். இஞ்சினுக்குள் எண்ணெயைக் கொட்டி வண்டியை நிறுத்திய மெக்கானிக் என்று அர்த்தம். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரியும். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுப் படுப்பார், எழுந்து போய்த் தொட்டுப் பார்ப்பார், படுப்பார், மறுபடியும் எழுவார். எதிரே போலீஸ்காரன் சைக்கிளில் வந்தால் காரணமே இல்லாமல் சந்துக்குள் ஒதுங்குவார். ஆனால் அந்தப் பயம்தான் அவருக்குச் சோறு போட்டது. முறுக்கிய போல்ட்டை இன்னொரு தரம் முறுக்கிப் பார்க்காமல் கை கழுவ மாட்டார். தாமஸ் கட்டிய இஞ்சின் நடுவழியில் நிற்காது என்று எண்ணூர் வரைக்கும் பேர்.

நாற்பத்திரண்டு ஏப்ரலில் அந்தப் பயம் ஊருக்கே வந்தது. ஜப்பான்காரன் கப்பல் நெருங்கிவிட்டது, முதல் குண்டு துறைமுகத்துக்குத்தான் என்றார்கள். அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். மேலே உட்கார்ந்தால் கடல்தான் தெரியும். தூரத்தில் ஒரு கட்டுமரம் தெரிந்தாலும் கிரேனை நிறுத்திவிட்டு உற்றுப் பார்ப்பேன்.

அக்கா ஃப்ளோரன்ஸுக்கு நிறைமாதம். அதற்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ரயிலிலோ ஜன்னல் வழியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். “அந்த நெரிசல்ல இவள ஏத்துனீங்கன்னா இதுவும் தங்காது, சொல்ட்டேன்” என்று மருத்துவச்சி வியாகுலம்மாள் கையை விரித்துவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் சங்கரநாராயணனுடைய பழைய சீமைக் கார். அதன் இஞ்சினை மாமா முழுசாக இறக்கி, பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டு, அப்போதுதான் கட்டி முடித்திருந்தார். முதலாளியின் டிரைவர் குண்டுக்குப் பயந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். மாமா ஓட்டுவது, போகிற வழியில் அக்காவைச் செங்கல்பட்டில் பெரியம்மா வீட்டில் இறக்கிவிடுவது, துணைக்கு நானும் போவது என்று பேச்சு. புறப்பட வேண்டிய காலையில் முதலாளியும் அவர் சம்சாரமும் டிரங்குப் பெட்டிகளோடு எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகைக்கு வந்துவிட்டார்கள்.

முந்தின நாளே மாமா ப்ளக்குகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, இஞ்சினுக்குள் இறங்கும் அந்த நாலு ஓட்டைகளையும் ராத்திரிக்குத் துணியால் மூடி வைத்திருந்தார். காலையில் துணியை எடுத்துவிட்டு, ப்ளக்குகளை மாட்டி, சிலுவை போட்டுக்கொண்டு செல்ஃபை அமுக்கினார்.

‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மறுபடி அமுக்கினார். மறுபடியும் டக். ஹார்ன் அடித்துப் பார்த்தார். தெருவே திரும்புகிற மாதிரி அலறியது. பாட்டரியில் குறையில்லை. முன்னால் ஹேண்டிலைச் சொருகி என்னைச் சுற்றச் சொன்னார். கொஞ்சம் சுற்றியது, பிறகு சுவரில் முட்டியது போல நின்றது. பின்பக்கம் சுலபமாக வந்தது. முன்பக்கம் அதே இடத்தில் முட்டியது.

“வுடுடா! அமுக்காத!” என்று கத்தினார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இன்னா மாமா?”

“உள்ள இன்னாவோ வுழுந்துகீதுடா. நட்டோ, வாஷரோ. அமுக்கி சுத்துனா பிஸ்டன் பூடும்.”

எனக்கு நம்ப முடியவில்லை. நட்டைக்கூட எண்ணி எண்ணிப் போடுகிற மனுஷன். அதைவிட மோசம், உள்ளே பார்க்க வேண்டுமென்றால் இஞ்சின் தலையைத் திறக்க வேண்டும். திறந்தால் நடுவில் இருக்கும் காஸ்கெட் கிழியும். யுத்த காலத்தில் வேறு காஸ்கெட்டுக்கு எங்கே போவது? தலையைத் திறந்தால் வண்டி அந்தக் கொட்டகையைவிட்டு நகராது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

“என்னவே தாமஸு, கிளம்புமா கிளம்பாதா? ஒரு வார்த்த சொல்லும். நான் மாட்டு வண்டியாவது பாக்கேன்” என்றார் முதலாளி. அவர் சம்சாரம் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெருவில் கைவண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்த நேரம் பார்த்து அபாயச் சங்கு ஊதியது. ஒத்திகையா நிஜமா என்று யாருக்குத் தெரியும்? எதிர்வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்த அக்கா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஜெபமாலை தரையில் விழுந்துவிட்டது.

“வோணாம், இங்கயே கெடப்போம். சாமிக்கே இஷ்டமில்ல போலகீது” என்றாள்.

மாமா ஸ்பேனரை எடுத்தார். இஞ்சின் தலையைத்தான் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொரு ப்ளக்காகக் கழற்றினார். ஒரு கம்பியை வளைத்துக்கொண்டு ஓட்டைகளின் மேல் குனிந்தார்.

“மெள்ள சுத்துடா. முட்டுனா நிறுத்திடு.”

சுற்றினேன். முட்டவில்லை. ‘புளிச்’ என்று மூன்றாவது ஓட்டையிலிருந்து எண்ணெய் பீய்ச்சியடித்து அவர் முகம், மீசை, சட்டையெல்லாம் வழிந்தது. பிஸ்டன் மேலே ஏற முடியாமல் முட்டியது இந்த எண்ணெயில்தான். உள்ளே நட்டுமில்லை, வாஷருமில்லை.

மாமா உதட்டை நக்கிப் பார்த்தார். இஞ்சின் எண்ணெய் இல்லை. தேங்காயெண்ணெய், கருகிய திரி வாசனையோடு. அது எந்த எண்ணெய் என்று எனக்கும் தெரிந்துவிட்டது. கோயிலில் அந்தோணியார் விளக்கிலிருந்து கேட்டு வாங்கி, ஒரு பாட்டிலில் சேர்த்துவைத்து, பிள்ளை தங்க வேண்டுமென்று அக்கா தினமும் வயிற்றில் தடவிக்கொண்ட எண்ணெய். திறந்திருந்த கதவு வழியாக அடுப்படி மாடத்தைப் பார்த்தேன். பாட்டில் காலி. அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஜப்பான்காரன் நேரில் வந்து நின்றிருந்தால்கூட அவள் முகம் அப்படி ஆகியிருக்காது.

“என்னவே அது? எண்ண எப்படி உள்ள போச்சு?” என்று முதலாளி அருகில் வந்தார்.

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“என் தப்புதான் மொதலாளி. உப்புக் காத்துல ரிங் துருப் புடிக்குமேன்னு ஊத்தி வெச்சேன். ஜாஸ்தியாப் பூடுச்சி.”

“அட கூறுகெட்ட மனுசா! இதுக்கா எங்க உசுர எடுத்த? உன்னப் போயி பெரிய மெக்கானிக்குன்னு சொன்னானுவளே!” முதலாளி இன்னும் என்னென்னவோ சொன்னார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அந்தப் பேருக்காக ராத்தூக்கம் கெட்ட மனுஷன், அதைத் தானே தூக்கிப் போட்டுவிட்டு ப்ளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மிச்ச எண்ணெய் வரும்வரை நான் சுற்றினேன். ப்ளக்கை மாட்டிச் செல்ஃபை அமுக்கியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. கோயில் வாசனை. பூசை முடிந்து வெளியே வருகிற மாதிரி நாங்கள் ராயபுரத்தைவிட்டு வெளியே வந்தோம்.

அக்கா மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் முதலாளி, சம்சாரம், பெட்டிகள். அவர்கள் பட்டணத்தைத் தாண்டியதுமே அசந்து தூங்கிவிட்டார்கள். நான் மாமா பக்கத்து ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டு வந்தேன். இஞ்சின் ஒரே சீராக ஓடவில்லை. நனைந்த மூன்றாவது ப்ளக் விட்டு விட்டு அடித்தது. ஒவ்வொரு தரம் விட்டபோதும் மாமாவின் தோள் குலுங்கியது. பின்னால் வானத்தில் ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

பல்லாவரம் தாண்டி அவர் மெதுவாகக் கேட்டார்.

“நாலு ஓட்ட கீது. ஏம்மே எல்லாத்தையும் மூணாவதுலயே ஊத்துன?”

அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“மொத ரெண்டும்தான் தங்கலியே” என்றாள். “இது மூணாவது இல்ல?”

மாமா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து அவள் கை மேல் வைத்தார். ஓடுகிற வண்டியில் அவர் ஒற்றைக் கையால் ஓட்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வண்டலூர் ஏற்றத்தில் மூன்றாவது சிலிண்டரும் மற்ற மூன்றோடு சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அது விடவில்லை.

ஜப்பான்காரன் வரவில்லை. மாமா முதலாளியை அவர் ஊரில் சேர்த்துவிட்டு ரயிலேறித் திரும்பி வந்த வாரத்திலேயே செங்கல்பட்டில் பெண் பிறந்தது. பிறந்த உடனே தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதது. அன்று ராத்திரி பெரியம்மா வீட்டு வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடச் சொல்லி மாமாவிடம் விட்டிருந்தார்கள். நான் எழுந்து பார்த்தபோது கதவு மலரத் திறந்து கிடந்தது. மனுஷன் அதன் குறுக்கே பாய்கூட இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.