கம்பளிச் சட்டைக்கு வரி

மண்டபம் பகுதியில் நான் கூரியர் கொடுத்துவந்த நாட்களில், கடற்கரையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில் வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக இருந்தார். கடல்பாசி ஆராய்ச்சிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. மீனவர்களிடம் கற்ற தமிழ். என்னைத் தவிர வேறு யாரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டி நான் பார்த்ததில்லை.

வருடா வருடம் அவருடைய நாட்டிலிருந்து அம்மா ஒரு பெட்டி அனுப்புவார். உள்ளே, அந்த அம்மா கையால் பின்னிய கம்பளி ஸ்வெட்டர். மண்டபத்து வெயிலுக்கு ஸ்வெட்டர்! பெட்டிக்கான சுங்கவரியை என்னிடம் கட்டியதும் இவர் அதை என் முன்னாலேயே மாட்டிக்கொண்டு வேர்வை வழிய நிற்பார். பிறகு கழற்றி மடித்து வைப்பார். மூளை குழம்பிவிட்டதோ என்று நினைத்திருக்கிறேன்.

பெட்டியின்மேல் அந்த அம்மா பெரிய விலையாக எழுதிவிடுவார். சுங்கவரி எகிறிவிடும்.

"வெலையக் கொறைச்சு எழுதச் சொல்லுங்க சார். வரி இம்புட்டு வராதுல்ல" என்றேன் ஒருமுறை.

"எங்கம்மா பின்னுனதுப்பா. அம்புட்டுப் பெறாதுன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றார்.

கடைசிப் பெட்டியை அனுப்பியது அவருடைய தங்கை. அம்மா தவறிய செய்தி முன்பே போனில் வந்திருந்ததாம். வழக்கம்போல அவர் பர்ஸை எடுத்தார்.

"வரி இல்ல சார். மதிப்பு ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கு."

பெட்டியைப் பிரித்தார். ஒரு கை மட்டுமே பின்னி முடித்திருந்த ஸ்வெட்டர். அதையும் மாட்டிக்கொண்டார். கம்பளி இல்லாத கையால் பர்ஸை என் பக்கம் நீட்டினார்.

"நல்லாப் பாருப்பா. வரி இருக்கும்."