ஈயத்தாள் அலுமாரி

என் மகள் தன் புது வீட்டுக்குத் தளபாடம் தேடி நுவரெலியாவில் கடை கடையாக ஏறி இறங்கிய நாட்களில் நானும் கூடவே போனேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து பதினெட்டு வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. வீட்டுக்குள் வரும் எந்தப் பொருளுக்காகவும் புதிதாக ஒரு மரம் வெட்டப்பட்டிருக்கக் கூடாது. பிளாஸ்டிக் கூடாது. மூக்கை எரிக்கும் வார்னிஷ் கூடாது. பிரம்பு நாற்காலி சரி, பழைய பலகையில் செய்தது இன்னும் சரி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பூமியைப் பற்றி இருக்கும் கவலை எங்களுக்கு இருக்கவில்லை. வீணாக்குவதற்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை என்பதும் ஒரு காரணம்.

ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் அவள் தேடியது கிடைத்தது. பழைய சரக்குப் பெட்டிகளின் பலகைகளைச் சேர்த்துச் செய்த உயரமான அலுமாரி. பலகைகளில் கறுப்பு மையில் குத்தியிருந்த எழுத்துகளை அழிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். விலையைக் கேட்டதும் நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"புதுப் பலகையே இதைவிட மலிவா இருக்குமே முதலாளி?"

"பழசுக்குத்தான் சேர் இப்ப மவுசு," என்று அவர் சிரித்தார். "உங்களையும் என்னையும் தவிர."

மகள் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். "அப்பா, இதுக்காக ஒரு மரங்கூட வெட்டல. பெட்டியா இருந்தது அலுமாரியா ஆகியிருக்கு. எவ்வளவு நல்ல விஷயம்!"

தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் வெளியே வந்துவிட்டேன். பெட்டி அலுமாரி ஆவது எனக்குத் தெரியும். அலுமாரி மறுபடியும் பெட்டியாக வேண்டியிருந்த ஒரு நாளில் நான் செய்ததை அவளிடம் இதுவரை சொன்னதில்லை.

நான் ஹட்டனுக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் பிறந்தவன். அப்பாவின் தங்கையான என் அத்தை எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. என் அம்மாவுக்கோ இடுப்பில் எப்போதும் ஒரு கைக்குழந்தை. அதனால் நான் தூங்குவதற்கு மட்டும்தான் எங்கள் காம்பராவுக்குப் போவேன்.

மாமாவுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையான தேயிலை ஸ்டோரில் பெட்டி அடைக்கும் வேலை. அந்தக் காலத்தில் தேயிலை மெல்லிய பலகைப் பெட்டிகளில்தான் கொழும்புக்குப் போகும். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், விளிம்புகளில் தகரப் பட்டி இருக்கும். மூலை சிதைந்து கழிக்கப்பட்ட பெட்டிகள் லயத்துக்கு வந்துவிடும். எங்களுக்குத் தளபாடம் என்றால் அவைதான். கவிழ்த்தால் முக்காலி, நிமிர்த்தினால் அரிசிப் பெட்டி. மாமா அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடித்து, கதவும் வைத்து அலுமாரியாக்கியிருந்தார். கதவுக்குக் கீல் பழைய லொறி டயர்த் துண்டு. வெளியே கறுத்த பலகை. திறந்தால் உள்ளே முழுக்க வெள்ளி.

மலையில் கொழுந்து எடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து சொட்ட, அத்தை வருவார். கையைத் துடைத்துக்கொண்டு முதலில் அலுமாரியைத்தான் திறப்பார். அடுப்பு வெளிச்சம் ஈயத்தாளில் பட்டு அவர் முகத்தில் ஆடும். "மருமகனுக்கு என்னா வேணுங்க? சக்கரையா, பிஸ்கோத்தா?" என்பார். எதை எடுத்துக் கொடுத்தாலும் அது தேயிலை வாசத்தோடு வரும்.

அந்த வருடங்களில் லயத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் போகிறார்கள் என்பது பெரியவர்கள் தணிந்த குரலில் பேசும் விஷயம். எனக்குத் தெரிந்தது சத்தம்தான். ஒரு காம்பராவில் ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டால் அந்த வீட்டு அலுமாரி மறுபடி பெட்டியாகிறது என்று அர்த்தம். பெட்டியில் சாமான் ஏறும், மேலே பெயர் எழுதுவார்கள், சில நாட்களில் அந்தக் கதவு சாத்தியிருக்கும். அலுமாரியைக் கழற்றுகிறவர்கள் போகிறார்கள், கழற்றாதவர்கள் இருக்கிறார்கள். ஒன்பது வயதுக்கு இந்த அறிவு போதுமானதாக இருந்தது.

மாமாவின் அண்ணன் திருச்சிப் பக்கம் இருந்தார். அவர் கூப்பிட்டார், இந்தியக் குடியுரிமைக் கடதாசிகளும் வந்து சேர்ந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சுத்தியலோடு அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒத்தாசைக்கு என் அப்பாவும் வந்திருந்தார். அத்தை என்னை மடியில் இழுத்துக்கொண்டு, "எங்க ஞாபகமா ஒண்ணு வச்சிக்க. இந்த வீட்ல எது வேணும்னாலும் கேளு" என்றார். முக்காலியைக் காட்டினார், தன் கம்பளியைக் காட்டினார், மாமாவின் கைவிளக்கைக்கூடக் காட்டினார்.

"அலுமாரி," என்றேன்.

மாமா சுத்தியலை இறக்கிவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா மச்சான் ஒங்க மகன! வீட்டையே கேக்குறாரு."

அப்பா சிரிக்கவில்லை. "டேய், அவங்க சாமான எதுல கொண்டு போவாங்க? வேற ஏதாச்சும் கேளு."

"அலுமாரிதான் வேணும். கழட்டாம அப்புடியே வேணும்."

அப்பா கையை ஓங்கினார். நான் அலுமாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அலறினேன். அத்தை என்னைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு மாமாவின் கையிலிருந்த சுத்தியலை வாங்கி அடுப்புக்குப் பின்னால் வைத்தார்.

"இருக்கட்டும்ணே. கேளுன்னு நாந்தானே சொன்னேன்."

"அப்ப சட்டி பானையெல்லாம் ஒந்தலையில கட்டிக்கிட்டா கப்பல் ஏறுவ?" என்றார் மாமா.

"சாக்கு இருக்குல்ல. ரெண்டு பேரு சாமானுக்கு என்னா பெட்டி?"

மாமா ஸ்டோரில் வேறு பெட்டி கேட்டுப் பார்த்தார். அத்தனை குடும்பங்கள் புறப்பட்ட வருடத்தில் உடைந்த பெட்டிக்கும் ஆள் காத்திருந்தது. நான் மட்டும் நிம்மதியாக இருந்தேன். பெரியவர்கள் எல்லாரையும் ஏமாற்றிவிட்ட பெருமை எனக்கு. அலுமாரி நிற்கிறது, இனி அத்தை எப்படிப் போவார்?

அவர்கள் புறப்பட்ட காலையில் ஹட்டன் ஸ்டேஷனில் தூறல். கோச்சி வரும் இடத்தில் பயணப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் பெயரும் போகும் ஊரும் பெரிய எழுத்தில் இருந்தன. அத்தையின் சாமான் மட்டும் சாக்குகளில் நனைந்து கிடந்தது. எழுத இடமில்லாததால் மாமா ஒவ்வொரு சாக்கின் வாயிலும் சிவப்புத் துணி முடிந்திருந்தார்.

"என்னங்க, இம்புட்டுக் காலம் ஸ்டோர்ல பெட்டி அடச்சவருக்கு ஒரு பெட்டி கூடவா இல்ல?" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்.

"எங்க பெட்டிக்கு இங்கயே வேல கெடச்சிருச்சுங்க. வரமாட்டேன்னுருச்சு," என்றார் மாமா. அத்தைதான் முதலில் சிரித்தார்.

கோச்சி வந்து அவர்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் நான் அழவில்லை. கடைசியில் இறங்கிவிடுவார்கள் என்று காத்திருந்தேன். அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தடவினார். "அலுமாரிய செவுத்துல ஒட்டி வைக்காத. ஈரம் புடிச்சிரும்" என்றார். அதற்குள் கோச்சி நகர்ந்துவிட்டது.

அத்தை திரும்பி வரவில்லை. நான் படித்தேன், ஆசிரியரானேன், இரண்டு முறை திருச்சி வரை போனேன். கோயில்களைப் பார்த்தேன். அத்தையின் ஊர்ப் பெயர் எனக்குத் தெரியும், அந்த ஊருக்கு பஸ்ஸும் இருந்தது. அவரைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் ஏறவில்லை. பிறகு அவர் இறந்த செய்திதான் வந்தது. அலுமாரி அதற்கு முன்பே போய்விட்டது. நான் வெளியூரில் படித்துக்கொண்டிருந்த ஒரு மழைக்காலத்தில் காய்ந்த விறகு கிடைக்காமல் அம்மா அதை அடுப்பில் வைத்துவிட்டார்.

மகள் அந்தக் கடை அலுமாரியை வாங்கிவிட்டாள். அவள் வீட்டில் இல்லாதபோது நான் அதன் கதவைத் திறந்து முகர்ந்து பார்ப்பதுண்டு. மெழுகு வாசம்தான் வரும்.

அப்போதெல்லாம் ஸ்டேஷனிலிருந்து வந்து அத்தையின் அலுமாரியைத் திறந்த நிமிடத்துக்குப் போய்விடுவேன். அப்பாவும் மாமாவும் முந்தின நாளே அதைத் தூக்கி எங்கள் காம்பராவில் வைத்திருந்தார்கள். காலி என்று நினைத்துத்தான் திறந்தேன். நிறைந்திருந்தது. பூப்போட்ட பீங்கான் கோப்பைகள், ஊறுகாய் ஜாடி, விளக்குச் சிமினி, அவர்கள் கலியாணத்துக்கு யாரோ கொடுத்த முகம் பார்க்கும் கண்ணாடி. ஒன்றோடொன்று இடிக்காமல் இடையிடையே அத்தை தன் பழைய சேலைத் துணியை மடித்து வைத்திருந்தார். ஈயத்தாளில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன.

நான் சந்தோஷம் தாங்காமல் கத்தினேன். "அம்மா, அத்த வந்துரும்! நல்ல சாமான் பூராவும் இங்கதான் இருக்கு. ஒண்ணுமே கொண்டு போகல!"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, அதே துணியில் சுற்றி, அதே இடத்தில் வைப்பேன். அத்தை வந்து திறக்கும்போது ஒன்றிலும் கீறல் இருக்கக் கூடாது அல்லவா? அங்கே இருந்தவை எல்லாமே சாக்கில் போட்டால் உடைந்துபோகிற சாமான்கள் என்பது மட்டும் என் கண்ணில் படவே இல்லை.