குழாய் கட்டாத ஏரிக்கரை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு உட்காரும்போது நீங்கள் சுற்றும்முற்றும் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். திண்டிவனம் வட்டாரத்தில் எத்தனையோ கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவரின் ஓராண்டு நினைவு நாள் இது. அவர் வீட்டு வாசலில் ஒரு குழாய் இல்லை, ஒரு பாட்டு இல்லை. இதென்ன கஞ்சத்தனம் என்று யாராவது முணுமுணுத்தாலும் முணுமுணுக்கலாம். காரணத்தைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் அவருடைய தங்கை. முறைப்படி அண்ணியோ பிள்ளைகளோ எழுத வேண்டியது. ஆனால் அண்ணன் செய்த ஒரு பெரிய தவறிலும், அதைச் சரிசெய்ய அவர் பட்ட பாட்டிலும் எனக்குப் பங்கு உண்டு. ஆகவே என்னையே எழுதச் சொல்லிவிட்டார்கள்.

அண்ணன் பிறந்தது கோலியனூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேப்பையும் விளைகிற மேட்டு நிலம் கொஞ்சம் இருந்தது. அப்பா காலமானபோது அண்ணன் எட்டாம் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. மறு வாரமே தன் புத்தகப் பையை என் தோளில் மாட்டிவிட்டு விழுப்புரத்தில் ஒரு மைக் செட் கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். குழாய் சுமந்து, பனைமரம் ஏறி ஒயர் இழுத்து, என்னை ஆசிரியர் பயிற்சி வரைக்கும் படிக்க வைத்தார். என் கல்யாணத்துக்கு நான்கு திசையிலும் குழாய் கட்டியதில் மூன்று நாள் ஊரில் ஒருவரும் தூங்கவில்லை. என் மாமியார் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். பிறகு திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்டார். கிளியனூர்ப் பக்கம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் அண்ணியைக் கைப்பிடித்து, அந்த ஊரிலேயே குடியிருந்தார்.

மைக்கைப் பிடித்துவிட்டால் அண்ணனின் குரல் கணீரென்று இருக்கும். டெண்ட் கொட்டகைப் படமாகட்டும், கட்சிக் கூட்டமாகட்டும், சைக்கிள் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து அவர் சொல்லிக்கொண்டே போனால் அடுப்பில் வைத்ததை விட்டுவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்கள். மைக்கை வாங்கிக்கொண்டு நான்கு பேர் எதிரில் நிறுத்தினால் அவ்வளவுதான், வாயே திறக்காது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அன்று முழுவதும் அவர் பேசியது "சாப்டுங்க" என்ற ஒரே சொல்தான்.

ஒரு கார்த்திகையில் அண்ணி ஊர்க் கோயில் விசேஷத்துக்காக ஏரிக்கரைப் பனையில் குழாய் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றிருக்கிறார். தண்ணீரில் பாசி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த கறுப்பெல்லாம் ஒரேயடியாக எழுந்து பறந்ததாம். பயந்தே போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்திலிருந்து என்னை வரவழைத்துக் காட்டினார். ஏரி நிறைய வாத்துகள். ஊசிபோல வால் நீண்டவை, சின்னஞ்சிறு கிளுவை வாத்துகள். நான் புத்தகத்தில் படித்திருந்ததைச் சொன்னேன்.

"இதெல்லாம் நம்ம ஊரு பறவை இல்லண்ணா. வடக்க குளிர் தேசத்துல தண்ணியே உறைஞ்சிடுமாம். தீனி தேடி இமயமலையத் தாண்டி வருது. மாசிக்கு மேல திரும்பிப் போயிடும்."

"இமயமலையா? அதத் தாண்டியா நம்ம ஏரிக்கு வருது?" என்றார். மறுபடி தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "இது தெரியாம வலை போட்டுப் புடிச்சித் தின்னுக்கினு இருக்காங்களே பாப்பா. ஊருக்குச் சொல்லணும்" என்றார்.

ஊருக்குச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வாசகத்தை எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினார். "பேரன்புடையீர்! வந்துவிட்டன! இமயமலையைத் தாண்டி ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன! அபூர்வ வெளிநாட்டுப் பறவைகள்! தினமும் காலை, மாலை! அனுமதி இலவசம்! குடும்பத்தோடு கண்டு களியுங்கள், கொல்லாமல் காப்பாற்றுங்கள்!" ஏரியின் பெயர், எந்த பஸ், எந்த நிறுத்தம், எல்லாம் இருந்தது. டீச்சர் அல்லவா நான்! எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தேன். யோசிக்க வேண்டியதை யோசிக்கவில்லை. சந்தை நாள் தவறாமல் திண்டிவனம் முழுவதும் இதைச் சொல்லிக்கொண்டு சுற்றினார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. கேட்டால், "நல்ல விஷயம் பாப்பா" என்பார்.

முதல் ஞாயிறு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பையன்கள் கல் எறிந்தார்கள். அண்ணன் அதற்கும் சிரித்துக்கொண்டே இருந்தார், கூட்டம் சேர்ந்துவிட்டதே என்று. அடுத்த வாரம் நாட்டுத் துப்பாக்கியோடு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அதுவரை ஏரியில் வலை போட்டவர்கள் உள்ளூரில் இரண்டு மூன்று பேர். இப்போது வழி, நேரம், எண்ணிக்கை எல்லாம் ஊருக்கே தெரிந்துவிட்டது.

தை பிறப்பதற்கு முன் ஒரு நாள் நானும் அண்ணனும் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நின்றிருந்தோம். ஒருவர் வாத்துகளைக் கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகக் கூவினார்.

"மைக்ல சொன்னாங்களே, அந்த வாத்துங்க! இமயமலை வாத்துங்க! ஜல்தி வாங்கிக்கங்கம்மா, பஸ்ஸு கெளம்பிடும்!"

அண்ணன் முகத்தை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். அவர் வார்த்தைகளையே, அவர் ராகத்திலேயே அந்த ஆள் கூவிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு பூட்டிய கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் பாப்பா கூவி வித்துட்டேன்" என்றார். பொங்கலன்று ஏரியில் ஒரு வாத்துகூட இல்லை. அவற்றை மறுபடி வரவைக்க முடியுமா என்ற கேள்விதான் அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை. தொழில்கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது.

முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு முனுசாமி வீட்டுக்குப் போனார். உள்ளூரில் கண்ணி வைப்பவர்களில் அவர்தான் கெட்டிக்காரர். நிலம் கிடையாது; அறுப்புக் காலம் போக மிச்ச நாளுக்குக் கூலி கிடைப்பது அரிது. அண்ணனுக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. நான்தான் படபடவென்று பொரிந்து தள்ளினேன். முனுசாமி என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனிடம் கேட்டார்:

"நாலு புடிச்சிக்கினு இருந்தேன் மைக்கண்ணே, புள்ளைங்களுக்கு. டவுனுலேர்ந்து நானூறு பேர இட்டாந்தது யாரு? நானா?"

"நான்தான்" என்றார் அண்ணன்.

"அப்ப எங்கிட்ட வந்து நிக்கிறீங்களே, இன்னா நாயம்?"

எனக்குக் கோபம் வந்தது. அண்ணனோ, "நாயமில்லதான். நீ எனக்கு வழி சொல்லு" என்றார். அவர் அப்படிப்பட்டவர். குற்றத்தைத் தூக்கி இன்னொருவர் தலையில் வைக்கத் தெரியாது. அன்றைக்குப் பேசிய பேச்சில் முனுசாமி அண்ணனின் மைக் செட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பனையேறிக் குழாய் கட்ட அவரைவிட நல்ல ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. கண்ணி வைக்கும் இடமெல்லாம் தெரிந்தவர் என்பதால், மற்றவர்கள் வைத்ததையும் அவரே பிடுங்கிப் போட்டார்.

அதன் பிறகு அண்ணன் மைக்கில்லாமல் புறப்பட்டார். அந்த ஏரித் தண்ணீர் பாயும் ஊர்களில் வீடு வீடாக, களம் களமாக நடந்தார். சனி, ஞாயிறுகளில் நானும் போவேன். முதல் வார்த்தையை நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு திக்கித் திக்கி அவர் சொல்வார். "அம்மாந் தூரம் பறந்து நம்ம ஊர நம்பி வருதுங்க. நாம அடிச்சித் தின்னா நல்லாவா இருக்கும்?" மேடைப் பேச்சுபோல எதுவும் கிடையாது. சிலர் கேலி செய்தார்கள். ஓர் அம்மாள் மட்டும், "பறவை எச்சம் கலந்த தண்ணி பாஞ்சா பயிரு கருகருன்னு வரும், எங்க வூட்டுக்காரரே சொல்லுவாரு" என்று எங்களுக்குப் பக்கபலமாகப் பேசினார். அந்த ஒரு பேச்சுக்குக் களத்தில் இருந்த ஆண்கள் தலையாட்டினார்கள்.

ஊர்க்கூட்டத்தில் வலையும் துப்பாக்கியும் கூடாதென்று பேச்சு வந்தபோது, கோயில் தர்மகர்த்தா எழுந்தார். "எல்லாம் சரிதான். மார்கழி பூரா காலங்காத்தால கரைமேல நீங்க கட்ற குழாய்க்கே அதுங்க பறந்து ஓடுது. மொதல்ல அத நிறுத்துவீங்களா?" என்று கேட்டார்.

மைக் செட்காரர்களுக்கு மார்கழிதான் நிச்சயமாக வருமானம் வரும் மாதம். கல்யாணம், காதுகுத்து எதுவும் இல்லாத அந்த முப்பது நாளும் கோயில் குழாயால்தான் அடுப்பு எரியும். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அண்ணன் எழுந்தார். அந்த ஒரு நாள்தான் நான் எடுத்துக் கொடுக்காமல் அவராகப் பேசினார்.

"கரெக்டுதான். இனிமே பறவை இருக்கிற மாசத்துல இந்த ஏரிக்கரையில குழாய் கட்டமாட்டேன். என் வூட்டு விசேஷமா இருந்தாலும் சரி."

தர்மகர்த்தாவே அதை எதிர்பார்க்கவில்லை. அந்த மார்கழியிலிருந்து கோயிலில் குழாய்க்குப் பதிலாகப் பெரியவர்கள் கையில் தாளத்தோடு வீதியில் பாடிக்கொண்டு போனார்கள். ஊர்க் கட்டுப்பாடும் வந்தது.

அந்த ஆண்டு வந்தவை சொற்பம். அடுத்த ஆண்டு மழை பொய்த்து ஏரியே வறண்டது. "வாத்தும் வரல, குழாயும் போச்சி" என்று அண்ணனைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கே பொறுக்கவில்லை. "போதும்ணா, விடு" என்று சண்டை பிடித்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூன்றாம் ஆண்டு ஏரி நிரம்பியது. கார்த்திகையில் முனுசாமி என் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "டீச்சரம்மா, அண்ணன் உங்கள வரச் சொன்னாரு." நான் போனபோது அண்ணன் கரையில் குந்திக்கொண்டிருந்தார். தண்ணீர் முழுக்கக் கறுப்பு. ஊரே கேட்கப் பேசிய மனிதர் என் காதோரம் வந்து, "எண்ண முடியல பாப்பா" என்று கிசுகிசுத்தார். கண் கலங்கியிருந்தது. மைக்கில் சொல்லலாமா என்று யாரோ கேட்டபோது, கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

சென்ற மார்கழியில் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. திண்டிவனத்தில் சில நாள் வைத்தியம். வீட்டுக்குத் திரும்பிய மூன்றாம் நாள் காலையில், அண்ணி கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழவில்லை.

செய்தி கேட்டு விழுப்புரம், திண்டிவனம் மைக் செட்காரர்கள் வேன் பிடித்துக் குழாய்களோடு வந்தார்கள். மேளம் வந்தது, வேட்டு வந்தது. தங்கள் தொழில்காரருக்குக் குறையில்லாமல் செய்ய நினைத்தார்கள். முனுசாமி வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். "கட்டாதீங்க. அவரு வார்த்த குடுத்துட்டுப் போயிருக்காரு. சுடுகாட்டுக்குக் கரைமேலதான் போவணும்" என்றார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. "எங்கண்ணன அனாதப் பொணம் மாதிரியா தூக்கிக்கினு போவீங்க? மேளம்கூட இல்லாம?" என்று கத்தினேன். முனுசாமியை மனம் நோகும்படி ஏசினேன். அண்ணிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவுரு சொன்னது சொன்னதுதான், விடு" என்றார்.

பெண்கள் தெருக்கோடியில் நின்றுவிடுவது வழக்கம். நான் ஆத்திரத்தில் கரை வரை போனேன். முன்னால் அண்ணன். பின்னால் மைக் செட்காரர்கள், கொண்டுவந்த குழாய்களைத் தோளில் சுமந்துகொண்டு, ஒயரில்லாமல், வாய் திறக்காமல் நடந்தார்கள். நூற்றுக்கணக்கான பேர். செருப்புச் சத்தம்தான் கேட்டது. இருபதடி தள்ளித் தண்ணீரில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. அத்தனை பேர் கடந்து போகும்வரை ஒன்றுகூட எழவில்லை. நான் அழுகையை அடக்கிக்கொண்டேன், அவை பறந்துவிடக் கூடாதே என்று.

இன்றும் மார்கழி. ஏரியில் வாத்துகள் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள், மெதுவாகப் பேசுங்கள்.

அண்ணனுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், அண்ணியைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்ட தெருக்காரர்களுக்கும், வேன் பிடித்து வந்த தொழில்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தம்பி முனுசாமியிடம் நான் நேரில் கேட்டுவிட்ட மன்னிப்பை இங்கே எல்லோர் முன்னாலும் ஒருமுறை கேட்கிறேன். அன்று அந்தக் கரைமேல் ஒரு வார்த்தை பேசாமல் என் அண்ணனோடு நடந்தீர்களே, அதற்கு உங்கள் எல்லோருக்கும் நன்றி.