முதல் நாளே எழுதிய கூட்ட அறிக்கை

கூட்டம் நடப்பதற்கு முதல் நாளே கூட்ட அறிக்கையை எழுதி முடித்துவிடுபவன் நான். அந்தப் பழக்கத்தால் ஒரு மனிதன் சொன்ன சொல்லைச் சொல்லாததாக்கினேன். பிறகு விசாரணையில், அவன் சொல்லவேயில்லை என்று சாட்சியும் கூறினேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

வடகரையில் ஓர் ஐஸ் தொழிற்சாலை. நான் அதன் பிரதம லிகிதர், தலைமைக் கிளாக்கர். எழுபதுகளின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நிர்வாகமும் தொழிலாளரும் மாதம் ஒருமுறை ஒன்றாக அமர்ந்து மனம்விட்டுப் பேசவேண்டுமாம். அதற்கு ஊழியர் சபை ஒன்று அமைக்கவேண்டுமாம். செயலாளர் யார்? நான்தான். மனம்விட்டுப் பேசுவதற்கு என்னென்ன படிவங்கள் வேண்டும் என்பது வேறு யாருக்குத் தெரியும்!

முதல் இரண்டு கூட்டங்களிலும் யாரும் வாய் திறக்கவில்லை. தேநீர் குடித்தார்கள், கலைந்தார்கள். மூன்றாவது மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நடக்கப்போவது தெரிந்த பின் காத்திருப்பது ஏன்? முதல் நாள் மாலையே அறிக்கையைத் தட்டச்சில் அடித்து, பிரதி எடுக்க ஸ்டென்சில் வெட்டினேன். முன்மொழிந்தவர் இன்னார், வழிமொழிந்தவர் இன்னார். ‘பாதுகாப்பு’ என்ற தலைப்பின் கீழ் எப்போதும் ஒரே வசனம்: குறைபாடு எதுவும் முன்வைக்கப்படவில்லை.

எங்கள் அறிக்கைகளே மிகச் சுத்தமானவை என்று தலைமை அலுவலகம் பாராட்டி எழுதியது. அந்தக் கடிதத்தை அறிக்கைக் கோவையின் முதற் பக்கத்தில் குத்தி வைத்திருந்தேன்...

ஏழாவது கூட்டத்தில் சிவபாதம் எழுந்தான். யந்திர அறையைப் பார்ப்பவன். அதிகம் பேசாதவன். எழுந்து நின்றும் சற்று நேரம் இடுப்புச் சாரத்தின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“சேர், அமோனியாக் குழாயின்ரை மூட்டிலை காலமையிலை மணம் வருது. ஒருக்கா நிப்பாட்டிக் கழட்டிப் பாக்கவேணும்.”

முகாமையாளர் சிரித்தார். “மணமில்லாத ஐஸ் கொம்பனி எங்கையப்பா இருக்கு? உம்மடை மூக்கைத்தான் முதலிலை கழட்டிப் பாக்கவேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிவபாதமும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை.

“பகிடியில்லை சேர். கண்ணும் எரியுது.”

“சரி, பாப்பம். கிளாக்கர், குறிச்சுக்கொள்ளும்.”

“ஓம் சேர்” என்றேன். பென்சிலை அசைத்தேன். எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை? ஸ்டென்சில் தாளுக்கு அப்போது தட்டுப்பாடு என்று எனக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பொய். மேசை லாச்சியில் அரைப் பெட்டி இருந்தது. பிழை திருத்தும் சிவப்புத் திரவத்தைப் பூசி, காயவிட்டு, மேலே தட்டினாலும் போதும். ஆனால் ஒரு பத்தி கூடினால் கீழே உள்ள இலக்கங்கள் எல்லாம் மாறும். இரண்டாம் பக்கம் குழம்பும். என் சுத்தமான அறிக்கை அழுக்காகும்... காரணம் அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக்கூடாதா என்று இன்றும் தேடுகிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த அறிக்கையை வாசித்தேன். எப்படி வாசித்தேன்? எவருக்கும் விளங்காத வேகத்தில். உறுதிப்படுத்த முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வேண்டும். பெயர்களை வழக்கம்போல் முதல் நாளே போட்டிருந்தேன். வழிமொழிந்தவர்: சிவபாதம். தலையாட்டக்கூடிய ஆள் என்று நினைத்துப் போட்டது. அவனும் தலையாட்டினான். தான் சொன்னது அதற்குள் இருக்கிறது என்று நம்பியே தலையாட்டினான்.

பத்து நாட்களில் அந்த மூட்டு வெடித்தது. ஐஸ் கட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்த தங்கராசாவின் முகத்தில் அமோனியா அடித்தது. இரண்டு கண்களும் போயின. தங்கராசா, சிவபாதத்தின் மனைவியின் தம்பி.

விசாரணைக்கு வந்த அதிகாரி கோவையைக் கேட்டார். கொடுத்தேன். ‘குறைபாடு எதுவும் முன்வைக்கப்படவில்லை.’ விரலை அந்த வரியில் வைத்தபடியே அடுத்த அறிக்கையையும் புரட்டினார்.

“இதை வழிமொழிஞ்சது நீர்தானே?”

சிவபாதம் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

“ஐயா, நீங்கள் பக்கத்திலை இருந்து எழுதினனீங்கள். நான் கதைச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்குமெல்லோ?”

முகாமையாளர் ஏற்கெனவே தனக்கு ஞாபகமில்லை என்று கூறிவிட்டார். மற்ற அங்கத்தவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஒரு வாக்கியம் போதும். அந்த அறிக்கை பொய் என்று சொல்லவேண்டும். அப்படியானால் மற்ற அறிக்கைகள்? அந்தப் பாராட்டுக் கடிதம்?

“அறிக்கையில் உள்ளதே என் ஞாபகம்” என்றேன். பேச்சிலும் எழுத்துத் தமிழ்!

பழுதை அறிவிக்கத் தவறினார் என்று அவனை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் கடிதத்தைத் தட்டியதும் நான்தான். பிழையே இல்லாமல்.

சபை தொடர்ந்து கூடியது. அதன்பின் ஒருவரும் எதையும் பேசவில்லை. என் அறிக்கைகள் எல்லாம் உண்மையாகின.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் சுன்னாகம் சந்தையில் அவனைக் கண்டேன். வெங்காய மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். ஊசியை மூட்டையில் குத்திவிட்டு எழுந்தான்.

“ஐயா சுகமே?”

“இருக்கிறன். வீட்டிலை எல்லாரும்...?”

“இருக்கினம். மச்சான் தங்கராசாதான் இண்டைக்கும் என்னோடை கதைக்கிறேல்லை. தெரிஞ்சுகொண்டு தன்னை அதுக்குள்ளை விட்டனான் எண்டு நினைக்கிறான். மனிசிக்கும் உள்ளுக்குள்ளை அந்த எண்ணம்தான்.” மூட்டையின் வாயை இழுத்து மூடினான். “நான் சொன்னனான் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நம்புவான் ஐயா. வேறை ஒண்டும் வேண்டாம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முப்பத்தைந்து வருடப் பழக்கம், நாக்கு முந்திவிட்டது.

“எழுத்திலை தாரும், பாப்பம்.”

அவன் கோபிக்கவில்லை.

“எழுதினதாலைதானே ஐயா இவ்வளவும்” என்றான். குனிந்து ஊசியை எடுத்தான்.

தங்கராசாவின் வீடு எனக்குத் தெரியும். நான் இருக்கும் கோப்பாயிலிருந்து அங்கே பஸ் போகிறது. காலை ஒன்று, பிற்பகல் ஒன்று. இரண்டு முறை சட்டை மாற்றிக்கொண்டு தரிப்பிடம் வரை போயிருக்கிறேன். பஸ் வந்து நின்றது, போனது.

உங்களுக்கு எழுதிவிட்டேன். அவனோ கண் தெரியாதவன்... அவனிடம் வாயால்தான் சொல்லவேண்டும்.